சரியா, பிழையா என அடையாளமிடுக



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வாசித்து முடிக்கலாம்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதை எல்லாம் வினாத்தாளாக்கிப் பார்க்கும் வியாதி. எமக்கு அது கல்வியியற் கல்லூரியிலேயே தொற்றிவிட்டது. கல்யாண வீட்டில் சஹனில் சோறு வைத்தாலும் "ஒரு சஹனுக்கு ஆறு பேர் எனின்..." என்றுதான் மனது தொடங்கும்.

கடந்த தவணையில் ஒரு நாள், தரம் 9இல் பாடம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. பத்து நிமிடம் மிச்சம். கரும்பலகையில் ஐந்து வாக்கியங்களை எழுதி, சரியாயின் சரி, பிழையாயின் பிழை என அடையாளமிடச் சொன்னோம்.

1. ஒரு குரங்கினால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது.
2. முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் மாநாட்டில் பச்சை மீனைக் கடித்துச் சாப்பிட்டார்.
3. கிணறு தோண்டிய இடத்தில் 510 கிலோ எடையுள்ள நீலக்கல் கொத்து கிடைத்தது.
4. நாலு பக்கமும் கடல் உள்ள ஒரு நாடு, வெளிநாட்டிலிருந்து உப்பு வாங்கியது.
5. நாட்டிலுள்ள குரங்குகள் அனைத்தையும் ஐந்து நிமிடத்தில் எண்ணுவதற்கு அரசாங்கம் ஏற்பாடு செய்தது.

பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டுக்குச் சரி போட்டு, மற்றதற்குப் பிழை போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஐந்துக்கும் சரி போட்டிருந்தான். பேப்பர் வாசிக்கிற பிள்ளையோ என்று நினைத்து, எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

"தெரியாது சேர். ஆனா பொய்யா இருந்தா நீங்க இதவிட நம்புற மாதிரி எழுதியிருப்பீங்க."

ஐந்துக்கு ஐந்து. இந்த நாட்டில் செய்தி வாசிப்பதற்கு இதைவிட நல்ல சூத்திரம் எமக்கும் தெரியாது. பொய் என்பது நம்பும்படி இருக்க வேண்டும் என்று கவலைப்படும். உண்மைக்கு அந்தக் கவலை கிடையாது.

மீன் கதையையும் கல் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மீன் சாப்பிட்டவர் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி. 2020 நவம்பர். பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியதும் சனம் மீன் வாங்குவதை விட்டுவிட்டது. பயப்படாமல் வாங்குங்கள் என்று காட்டுவதற்காக மனிதர் கமராக்களுக்கு முன்னால் முழு மீனை எடுத்து ஒரு கடி கடித்தார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நாமும் சிரித்தோம். ஆனால் பிடித்த மீனை விற்க வழியில்லாமல் கரையில் நின்ற மீனவர்களுக்காகத்தான் அந்தக் கடி என்பது படத்தோடு சேர்ந்து சுற்றவில்லை.

கல் கிடைத்தது இரத்தினபுரியில். 2021 ஜூலையில் வெளியான செய்தி. ஒரு இரத்தின வியாபாரியின் வீட்டுப் பின்புறத்தில் கிணறு தோண்டியபோது வந்ததாம். எங்கள் ஊரிலும் கிணறு தோண்டினால் கல் வரும். அது கூலிக்காரரின் அலவாங்கை உடைக்கிற கல். அவ்வளவுதான் எமக்கு எழுதியது, அல்ஹம்துலில்லாஹ்.

இனிக் குரங்குக்கு வருவோம். கதாநாயகன் அவர்தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டியிருக்கும். ஒரே நேரத்தில் முழு நாட்டிலும் கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் முதலில் நடப்பது ஒன்றுதான். எல்லோரும் வாசலுக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்ப்பார்கள். அங்கேயும் இல்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. அன்று அடுத்த வீடு மட்டுமல்ல, கொழும்பிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை, காலியிலும் இல்லை. அப்படி ஒரு நிம்மதி இந்த நாட்டுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

பிறகு மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி காரணத்தைச் சொன்னார். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். அதன் பிறகு போனில் வந்த பகிடிகளைச் சொல்லத் தேவையில்லை. உங்கள் போனிலும் வந்திருக்கும். இராமாயணத்தில் அனுமான் இலங்கைக்குத் தீ வைத்தார், அவருடைய சொந்தக்காரர் வந்து இலங்கையின் விளக்கை அணைத்தார் என்று எங்கள் ஊர் சலூனில்கூடப் பேசிக்கொண்டார்கள். பாடசாலையில் அடுத்த நாள் வீட்டுவேலை செய்யாத பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே காரணம். "குரங்கு சேர்." மறுத்துப் பேச எம்மிடம் ஒன்றும் இல்லை. அமைச்சருக்குச் செல்லுபடியாகும் காரணம் மாணவனுக்குச் செல்லாதா?

ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. "சேர், எங்கட வீட்டுக்குப் பக்கத்து ட்ரான்ஸ்போமர்லயும் குரங்கு அடிபட்டுச் செத்தது. அப்ப எங்கட ரோட்டுக்கு மட்டும்தானே கரண்ட் போனது? இது எப்படி முழு நாட்டுக்கும் போனது?"

நியாயமான கேள்வி. பகிடிகள் எல்லாம் ஓய்ந்த பிறகும் நிற்கிற கேள்வி. நாம் தேடி வாசித்து, பம்பரத்தை வைத்துத்தான் விளக்கினோம்.

பாரமான பம்பரம் வேகமாகச் சுற்றும்போது ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் ஆடும், விழாது. பாரமில்லாத பம்பரத்தைத் தட்டினால் உடனே சரிந்துவிடும். நீர்மின், நிலக்கரி நிலையங்களில் சுற்றுகிற பெரிய பெரிய இயந்திரங்கள் நாட்டின் மின்சாரத்துக்குப் பாரமான பம்பரம் போல. எங்காவது ஒரு தட்டு விழுந்தால் அவை தாங்கும். கூரையில் பூட்டுகிற சோலார் தகட்டில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. அன்று ஞாயிறு. கந்தோரும் தொழிற்சாலையும் மூடியிருந்ததால் பாவனை குறைவு. வெயிலோ உச்சி. கூரைகளிலிருந்து வந்த மின்சாரம் மிக அதிகம், சுற்றிக்கொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. பம்பரம் ஏற்கெனவே பாரமில்லாமல்தான் நின்றிருக்கிறது. குரங்கு தட்டியது மட்டும்தான். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், அது மறுபடி ஓடும் வரை அந்த வாரம் சில நாட்கள் ஒன்றரை மணித்தியாலக் கரண்ட் கட் அனுபவித்தோம். நினைவிருக்கும்.

இதை விளங்கிக்கொண்டால் ஏப்ரல் மாதத்தில் வந்த இன்னொரு வேடிக்கைச் செய்தியும் விளங்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூட இருட்டில் இருந்த நாடு, மூன்று வருடத்தில் "மின்சாரம் கூடிப்போச்சு, தயவுசெய்து தராதீர்கள்" என்று கெஞ்சியது. கடன் எடுத்துச் சோலார் பூட்டிய எமது உறவினர் ஒருவர் அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு, "மச்சான், பேங்க்குக்கும் இந்த மாதம் தவணை எடுக்காதீங்கண்டு ஒரு லெட்டர் போடுவாங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

குரங்குக்கு வாய் இல்லை, சங்கம் இல்லை, செய்தியாளர் மாநாடு வைக்க வசதியும் இல்லை. அதனால் குற்றம் அதன் தலையில் இலகுவாக ஏறிவிட்டது. ஒரு குரங்கு தட்டினால் சரிகிற அளவுக்கு முழு நாட்டையும் வைத்திருந்தது யார் என்ற கேள்வி அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

இந்தக் குரங்குக்கு முந்திய வரலாறும் உண்டு. 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, சீனாவிலுள்ள மிருகக்காட்சிசாலைகளுக்காக எங்கள் குரங்குகளில் ஒரு இலட்சத்தைக் கேட்கிறார்கள் என்றார். ஒரு இலட்சம்! ஒன்றைப் பிடித்து மூட்டையில் கட்டுவதே பெரும்பாடு. எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் பாஸ்போட் எடுத்து வருடக்கணக்காக விசாவுக்குக் காத்திருந்த காலம் அது. "நாங்க கேட்டா தர மாட்டாங்க, குரங்குக்குக் கூப்பிட்டுத் தாராங்க" என்று கடைத்தெருவில் பெருமூச்சு விட்டார்கள். பிறகு பார்த்தால், அப்படி ஒரு கோரிக்கை தங்களுக்குத் தெரியாது என்று சீனத் தரப்பு கைவிரித்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அனுப்பப் போவதில்லை என்று அரச தரப்பு அங்கே சொன்னதோடு கதை முடிந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வட்டிலப்பம் செய்து வைத்த பிறகு, அப்படி யாரும் வரவே இல்லை என்று சொன்ன மாதிரி.

இதில் எமக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று. சிங்களத்தில் ரிலவா என்று சொல்லும் அந்தக் குரங்கு உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. ஆனால் அதன் விஞ்ஞானப் பெயர் மக்காக்கா சினிக்கா. 1771இல் லின்னேயஸ் வைத்த பெயர். சினிக்கா என்றால் இலத்தீனில் சீனாவுக்குரியது என்று அர்த்தம். ஆக, சீனக் குடியுரிமை கிடைத்து 250 வருடம் கடந்த பிறகும் இன்னும் விமானம் ஏறாமல் எங்கள் தென்னையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஏற்றுமதி சரிவரவில்லை. சரி, எத்தனை இருக்கிறது என்றாவது எண்ணிப் பார்ப்போம் என்று 2025 மார்ச் 15ஆம் திகதி நாடளாவிய கணக்கெடுப்பு நடந்தது. சனிக்கிழமை. காலை 8 மணியிலிருந்து 8.05 வரை. ஐந்தே நிமிடம். அவரவர் காணியில் நிற்கும் ரிலவா, வந்துரா, தண்டுலேனா, மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும்.

சிங்கள, தமிழ்ச் சகோதரர்களுக்கு அது ஒரு சாதாரண சனிக்கிழமை. எங்களுக்கோ நோன்பின் நடுப்பகுதி. சஹருக்கு எழும்பி, சுபஹ் தொழுது, குர்ஆன் ஓதிவிட்டுத் தலையணையில் தலை வைக்கிற நேரம்தான் காலை எட்டு மணி. பாடசாலையும் நோன்பு விடுமுறை. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் விழித்திருந்தவர்களை எண்ணுவதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அரசாங்க வேலை அல்லவா? ஆசிரியர்களாகிய நாமே தூங்கினால் ஊர் என்ன சொல்லும்? எழும்பி, படிவத்தோடு அடுத்த தோட்டத்து ஹாஜியாரிடம் போனோம்.

எங்கள் பகுதி தென்னை முக்கோணத்துக்குள் இருக்கிறது. ஹாஜியாருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை. பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மகளைக் கரை சேர்த்தது, ஹஜ்ஜுக்குப் போனது எல்லாம் அந்த மரங்களால்தான். மனிதர் ஏற்கெனவே கதிரை போட்டு, மூக்குக் கண்ணாடியோடு, கையில் மணிக்கூட்டோடு தயாராக இருந்தார்.

"சேர், ஒரு சந்தேகம். எட்டு ரெண்டுக்கு என்ட தோட்டத்துல எண்ணுற குரங்கு, எட்டு மூணுக்கு மற்றவன்ட தோட்டத்துக்குப் பாஞ்சா அது யார்ட கணக்கு?"

"இரண்டு பேருடைய கணக்கிலும் வரும் ஹாஜியார்."

"அப்ப ஒரு குரங்கு அஞ்சு நிமிஷத்துல அஞ்சு தோட்டம் போனா?"

"அஞ்சு குரங்கு."

"மனுசன்ட கணக்க மட்டும் ஏன் சேர் மாசக்கணக்குல எடுக்குறாங்க?"

எமக்குப் பதில் இல்லை. பிறகு வெளியான முடிவின்படி ரிலவா மட்டும் 51 இலட்சத்துக்கு மேல். மயில் 42 இலட்சத்துக்கு மேல். அதே காலப்பகுதியில் வந்த குடிசனக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். வகுத்துப் பார்த்தால் நாலு பேருக்கு ஒரு குரங்கு. உம்மா, வாப்பா, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு, "ஒன்றுதானா?" என்று சந்தேகப்படக்கூடும்.

இப்படியெல்லாம் சிரிக்கலாம். ஆனால் அன்று ஹாஜியார் சிரித்துக்கொண்டு எண்ணவில்லை. மரத்தின் அடியில் கிடந்த குரும்பைகளைக் காலால் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டுதான் எண்ணினார். குரங்கு முற்றின தேங்காய்க்குக் காத்திருப்பதில்லை. குரும்பையிலேயே பிடுங்கி, ஒரு வாய் கடித்து, கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அன்று அவருடைய கணக்குக்கு வந்தவை பதினொரு குரங்குகள். கீழே கிடந்தவை முப்பதுக்கு மேற்பட்ட குரும்பைகள். குரங்கு எத்தனை என்று கேட்டு அவருக்குப் படிவம் வந்தது. குரும்பை எத்தனை போனது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியிருந்தது. நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப் பால் இல்லாமல் முடியுமா? எங்கள் பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறவர் அந்த வருடம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். முதல் பத்தில் வெள்ளையாக இருந்த கஞ்சி இரண்டாம் பத்தில் கொஞ்சம் நிறம் மாறியது. கடைசிப் பத்தில் கோப்பையின் அடி தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி வாங்க வாளியோடு வரும் பிள்ளைகளின் வரிசைதான் முந்திய வருடங்களைவிட நீண்டிருந்தது.

தேங்காய் விலை ஏறியதற்குக் குரங்கு மட்டும் காரணமில்லை என்பது ஹாஜியாருக்கு எம்மைவிட நன்றாகத் தெரியும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தினார்கள். பிறகு கிடைத்த பசளை வாங்க முடியாத விலை. தென்னைக்கு இன்று பசளை போடாவிட்டால் அதன் நட்டம் நாளைக்கே தெரியாது, வருடம் கழித்துத்தான் மரம் சொல்லும். வெள்ளை ஈ வேறு. வெயிலும் கூட. "மேட்டுல இருந்த காட்ட வெட்டித் துண்டு துண்டா வித்தாங்க சேர். அதுகளும் எங்க போற? எனக்குக் கோவம் வார, ஆனா யார்ல கோவப்படுறண்டு தெரியல்ல" என்றார். கணக்கெடுப்பு பற்றி நாம் வாசித்த எந்த ஆய்வாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

உப்புக் கதையைக் கேளுங்கள். சின்ன வயதில் "கடலுக்குள் இருந்துகொண்டு உப்புக்கு அழுவதா?" என்று உம்மும்மா ஏசுவார். நடக்க முடியாத விடயத்துக்குச் சொல்கிற ஏச்சு அது. 2025இல் அதுவும் நடந்தது. இந்தியாவிலிருந்து உப்புக் கப்பல் வர வேண்டியிருந்தது. மே மாதத்தில் கடைக்குக் கடை ஏறி இறங்கியும் ஒரு பக்கெட் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் உப்பு இருக்கிறது என்று தெரிந்தால், பவுண் இருக்கிற வீடு மாதிரி மதிப்பு. மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு பக்கெட் உப்பு கொடுத்தால் போதும் என்று பகிடி பேசினோம்.

காரணம் ரகசியமில்லை. உப்பு விளைவதற்குக் கடல் மட்டும் போதாது, வெயிலும் வேண்டும். புத்தளத்திலும் ஹம்பாந்தோட்டையிலும் உப்பளங்களில் விளைய வேண்டிய நேரத்தில் மழை பெய்து கரைத்துவிட்டது. புத்தளத்தில் உப்பளக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று அந்தப் பக்கத்து உறவுகளுக்குத் தெரியும். எங்களுக்குக் கறியில் உப்பு குறைந்தது. அவர்களுக்கு உலையில் அரிசி குறைந்தது. அவர்களுடைய வீட்டில் அந்தப் பகிடி எப்படிக் கேட்டிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

இந்த விசித்திரங்கள் எல்லாம் இப்போதுதான் தொடங்கின என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. 1996ஐ நினைவிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். மழையில்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் இல்லாமல் போனபோது அரசாங்கம் என்ன செய்தது? நேரத்தை மாற்றியது. மே 25ஆம் திகதி முழு நாட்டின் மணிக்கூடும் ஒரு மணித்தியாலம் முன்னே போனது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னே வந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை, ஏறத்தாழ ஒன்பதரை வருடம், அப்படியே நின்றது.

நாம் அப்போது சின்ன வகுப்பு. இருள் முழுதாக விலகுமுன் பாடசாலைக்கு வெளிக்கிடுவோம். ஊரில் எதைச் சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வரும். "பழைய நேரமா, புதிய நேரமா?" கல்யாண அழைப்பிதழில்கூட அதை எழுத வேண்டி வந்தது. எழுதாத வீட்டுக்குப் பாதிச் சனம் சோறு முடிந்த பிறகு வந்தது. வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஆக, ஒரு சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும்.

எங்கள் முஅத்தினுக்குத்தான் பெரிய சோதனை. கச்சேரியும் பஸ்ஸும் அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டன. சூரியன் கேட்கவில்லை. லுஹர் ஒரு மணி தாண்டிப் போனது. மஃரிப் ஏழரையை நெருங்கியது. பள்ளிச் சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பார். சில நாட்களில் கூட்டியதை மறந்து இன்னொரு முறையும் கூட்டிவிடுவார். "சூரியனப் படைச்சவனுக்கு ஒரு நேரம்தான்பா, சந்திரிகாவுக்குத்தான் ரெண்டு" என்பார். நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் விளக்கு வெளிச்சம் மிச்சமாகட்டும் என்று செய்த அந்த மாற்றத்துக்காக, உம்மாமார் காலை இருட்டில் குப்பி விளக்கைக் கொளுத்தி எங்களுக்குச் சோறு கட்டினார்கள். அந்த மண்ணெண்ணெய் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாக ஒன்று. பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். பஸ் ஆசனத்துக்கு மேலே மூன்று மொழியில் அறிவித்தல். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனம். சிங்களம் சரி. ஆங்கிலம் சரி. தமிழில் மட்டும் 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா'. கர்ப்பிணித் தாய்மார் கர்ப்பிணி நாய்மாராகிவிட்டார்கள். பார்க்கும்போது எமக்குச் சிவப்புப் பேனாவைத் தேடிக் கை போகும். ஒரு எழுத்துத்தானே, அரைப் புள்ளி குறைத்தால் போதும் என்று தோன்றும்.

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. எழுதியதை ஒட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட மட்டும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை. பஸ் டிப்போவிலிருந்து பத்தடி நடந்தால் ஒரு தமிழ் பேசும் தேநீர்க் கடைக்காரர் இருப்பார். ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். நாம் இந்தப் படத்தைப் பகிர்ந்து சிரிக்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு பஸ்ஸில் ஏறி, அந்த எழுத்தை வாசித்துவிட்டு அதற்குக் கீழே உட்கார வேண்டிய ஒரு தாத்தா சிரிப்பாரா?

சிரிக்க வேண்டாம் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. அல்லாஹ் பாதுகாத்தான், இந்த நாட்டில் சிரிக்கத் தெரியாவிட்டால் வரிசைகளையும் விலைகளையும் எப்படித் தாண்டி வந்திருப்போம்? 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றபோது பகிடி சொன்னவர்கள்தான் எங்களைத் தூங்க விடாமல் காப்பாற்றினார்கள். பகிடி வேண்டும். ஆனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போனுக்கு வந்தால், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், மற்றவருக்கு அனுப்ப விரலை வைக்கும் முன், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையில் சிரிக்காமல் நிற்கிற ஆள் யார்? அநேகமாக ஒருவர் இருப்பார். பல வேளைகளில் அவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருப்பார்.

இன்னும் எழுதலாம். ஆனால் சமையலறைப் பக்கம் ஓட்டில் தடதடவென்று சத்தம் கேட்கிறது. மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் இல்லாத பன்னிரண்டாவது ஆளாக இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

வஸ்ஸலாம்.